சிபியுவுக்குக் காய்ச்சல்

நேற்று மதியம் மூன்று மணி, கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும்போது, எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் அம்மாவைப் பார்த்து நிற்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றது. அம்மா அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள், நடுநடுவே கம்ப்யூட்டருக்கும் இரண்டு விசிறல். இதைப் பார்த்த தங்கமணி, அதாவது என் மனைவி, ஒரு வார்த்தையும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு எழுத்து. 2011இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டி இது. உள்ளே இருக்கும் பிராசசர், அதாவது சிபியு, இன்டெல் கோர் ஐ5 2500கே. அந்த வருடம் ஜனவரியில்தான் வந்திருந்தது. கே இல்லாத வெறும் 2500 என்று ஒன்றும் உண்டு. அதிலும் நான்கு கோர் (உள்ளே கணக்குப் போடும் மூளைகள்), அதிலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகம். இன்டெல் அமெரிக்காவில் போட்ட விலை 205 டாலர், கே சேர்த்தால் 216. அந்த 11 டாலர், பூட்டைத் திறந்து கொடுப்பதற்கு. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் நீயே ஏற்றி ஓட்டிக்கொள்ளலாம், ஓவர்க்ளாக் செய்துகொள்ளலாம் என்று அர்த்தம். அதற்குத் தோதான இசட்68 மதர்போர்டையும் கேட்டு வாங்கினேன், அது தனிக் காசு. அன்று கடை வாசலில் நின்று நண்பனிடம் "வேணுங்கிறப்ப ஏத்திக்கலாம்டா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் பதினைந்து வருடம் ஏற்றவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் மாதிரி, இருக்கிறது என்ற தெம்பு மட்டும்.

இந்த வருடம் எல்லாரும் சேர்ந்து அதைக் கிழவன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போன அக்டோபரோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐக் கேட்டால், இந்த வயசுக்காரர்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால் ராம் விலையைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் மாமனாரின் எழுபதாம் வயசு பீமரத சாந்தி வீடியோ வேறு. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் புகை மட்டும். அதைச் சுருக்கித் தர ஒப்புக்கொண்டது நான்தான், மச்சினன் முன்னால் கொஞ்சம் பெருமையாக. வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டேன். மீதி நேரம் 6 மணி 40 நிமிடம் என்று காட்டியது. சின்னவள் எட்டிப் பார்த்து, "அப்பா, என் போன்ல போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள்.

அன்று ராத்திரி முடிவு செய்தேன், கேயைத் திறப்பது என்று.

இதில் விஞ்ஞானம் என்று பார்த்தால் நாலாம் வகுப்பு வாய்ப்பாடுதான். போர்டு ஒரு தாளம் போடுகிறது, 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் அதை 33ஆல் பெருக்கிக்கொள்கிறது, 3300. வேலை வந்தால் டர்போ என்று தானே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். ஒற்றைக் கோர் மட்டும் ஓடினால் 3.7 வரை, நான்கும் சேர்ந்து உழைத்தால் 3.4தான். (ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் வேகமும் குறைவதை எங்கள் வீட்டு விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், அதனால் ஆச்சரியப்படவில்லை.) கே இருப்பவர்கள் அந்தப் பெருக்கும் எண்ணை 42, 45 என்று மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்த 100ஐ மட்டும் தொடக்கூடாது. முன்பெல்லாம் அதைத்தான் தொடுவார்கள். 1998இல் வந்த செலரான் 300ஏவில் 66ஐ 100 ஆக்கி, முந்நூறைச் சொளையாக 450 ஆக ஓட்டினார்கள். 2500கே காலத்தில் அந்த ஒரே தாளத்தில்தான் கார்டுகள் சொருகும் பிசிஐ, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஆடுகின்றன, ஐந்து சதவீதம் ஏற்றினாலே ஒவ்வொன்றாகக் கோபித்துக்கொண்டு போகும். கூட்டுக் குடும்பம்.

ஏற்றுவதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டுமே. மூடியைக் கழற்றினேன். பதினைந்து ஆயுத பூஜைகள் உள்ளே இருந்தன. அம்மா வருடாவருடம் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து, ஊதுவத்திச் சாம்பல், விபூதி எல்லாம் சேர்ந்து, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் மேல் ஒரு இன்ச் கம்பளமாகப் படிந்திருந்தது. அதில் ஒரு முழுச் சாமந்தி இதழ். மூச்சுவிட முடியாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறது, பாவம். பிராசசரோடு வந்த குட்டி ஹீட்சிங்க் போதாது என்று ஆன்லைனில் ஒரு கோபுர கூலர் வாங்கினேன். ஆறேகால் இன்ச் உயரம். மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, கேபினட் மூடி இனி மூடாது. அளந்து பார்த்து வாங்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தங்கமணி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடக்கத் தடவும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தால் போதும் என்பார்கள். அம்மா கேட்டாள், "எந்தப் பட்டாணி? பச்சைப் பட்டாணியா, சுண்டல் பட்டாணியா? ஊற வெச்சதா, ஊறாததா?" நியாயமான கேள்வி. உலகத்தில் யாரும் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. ஊறாத சுண்டல் பட்டாணி என்று நானே முடிவு செய்து வைத்தேன்.

முதல் முயற்சியிலேயே பேராசை. 45 என்று போட்டேன், அந்த வேகத்துக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜை ஆட்டோவில் விட்டேன். இந்த ஆட்டோ என்பது கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றிவிட்டுப் போவார். வோல்ட்டேஜ் 1.38க்குப் போய்விட்டது. சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பத்து சதவீதம் கூட்டினால் 21 சதவீதம் சூடு, வேகம் கூட்டிய பங்கு அதற்கு மேல் தனி. வெளியே 38 டிகிரி. எத்தனை பெரிய ஃபேன் வைத்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதுவும் இறங்காது, குளிர்தேச ஆட்கள் வீடியோ போட்டு ஜம்பம் அடிப்பது இந்த ஒரு விஷயத்தை மறைத்துத்தான். பிராசசரை முழு மூச்சில் உழைக்க வைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டேன், சூட்டின் எண் ஏறியது: 88, 91, 94, 96.

என் முகத்தைப் பார்த்து அம்மா எழுந்து வந்தாள். "என்னடா ஆச்சு?"

"சூடும்மா. 96. 98 வந்தா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும்."

"98ஆ? 98.4 நார்மல்டா. அதுக்கு ஒண்ணும் இல்ல. நீ போய் மோர் குடி."

செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்று விளக்க ஆரம்பித்தேன். தண்ணீர் கொதிப்பது நூறில் என்றதும் அம்மாவுக்குப் பகீர் என்றாகிவிட்டது. "அடப்பாவி, கொதிக்கிற அளவுக்கா ஏத்தி வெச்சிருக்கே? ஈரத்துணி போடட்டுமா?" வேண்டாம் என்று நான் பதறிக் கத்தியதில் கீழ்வீட்டு மாமா மாடிப்படி வரை வந்துவிட்டார். அப்போதுதான் டேபிள் ஃபேன் இடம் மாறியது. நான் கேட்கவில்லை. அம்மாவே தூக்கி வைத்தாள். ஏசி அறையில் போய் உட்கார் என்றால் மூட்டு வலிக்கும் என்பாள், கத்திரியில் அவளுக்கு அந்த டேபிள் ஃபேன்தான் கதி.

சரி, சூடு குறையட்டும் என்று வோல்ட்டேஜைக் கையால் 1.2க்கு இறக்கினேன், 45ஐ மட்டும் விட மனசில்லை. நீலத் திரை, விண்டோஸ் விழுந்துவிட்டது. மறுபடி போட்டேன், திரையே இல்லை. கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. ஐந்து நிமிடம் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பீமரத சாந்தி, மாமனார், மச்சினன், தங்கமணி எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். அப்புறம் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர்2032, அதைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டினால் எல்லாம் மறந்துவிடும் என்பது ஞாபகம் வந்தது. கழற்றினேன், மாட்டினேன், உயிர் வந்தது. ஆனால் தேதி 2011க்குப் போய்விட்டது. பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மாட்டேன் என்கிறது, உங்கள் கடிகாரம் சரியில்லை என்கிறது. ஒரு நிமிடம் மாற்றாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேதியில் எனக்கு முடி இருந்தது, அப்பா இருந்தார், அம்மா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். மாற்றிவிட்டேன்.

அலுவலகத்துத் தம்பி ஒருவன் "அண்ணே, இது அசால்ட்டா நாலரை போகும்" என்று சொல்லியிருந்தான். அவனுடையது போகலாம். ஒரே தட்டில் வெந்தாலும் ஓர இட்லி வேறு, நடு இட்லி வேறு. சிலிக்கானும் அப்படித்தான், ஒன்று போல் ஒன்று வேகாது. என்னுடையது ஓர இட்லி.

42க்கு இறங்கி வந்தேன். 1.22 வோல்ட். பிரைம்95 இருபது நிமிடம் ஓடிவிட்டு ஒரு கோரை நிறுத்தியது. காரணம்: வட்டமாக்கலில் 0.5 வந்தது, 0.4க்குள் இருந்திருக்க வேண்டும், பயங்கரப் பிழை. இந்த மென்பொருள் உண்மையில் மெர்சென் பகா எண்களை, அதாவது இரண்டின் அடுக்கு ஒன்றில் ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை, தேடுவதற்காகச் செய்தது. 1996இல் இருந்து தன்னார்வலர்கள் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், 2024 அக்டோபரில் கிடைத்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். அந்தத் தேடலில் ஓர் இலக்கம் பிசகக்கூடாது, அதனால் அது கறார். எனக்கு வேண்டியது மாமனார் தலையில் தண்ணீர் ஊற்றும் காட்சி. அதில் 0.1 முன்னே பின்னே போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பயம் வந்துவிட்டால் வந்ததுதான். 1.25 ஆக்கினேன். 74 டிகிரியில் நின்றது. ஒரு மணி, இரண்டு மணி, ஆறு மணி நேரம் ஒரு பிழை இல்லை. எட்டு மணி நேரம் தாங்கினால் பாஸ் என்று நானே வைத்துக்கொண்டேன். ஏழாவது மணியில் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு முறை கீச்சிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

இருட்டில் தங்கமணியின் குரல் மட்டும் வந்தது. "இந்த தடவை ஐந்நூறு யூனிட் தாண்டட்டும், பேசிக்கறேன்." உங்களுக்கே தெரியும், ஐந்நூறைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டோடு போகாது, கீழே இருக்கிற யூனிட்டின் விலையும் சேர்த்து ஏறும். அவள் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

ஏழு மணி நேரமே பாஸ் என்று அறிவித்துவிட்டு வீடியோவைப் போட்டேன். 5 மணி 24 நிமிடம். கிட்டத்தட்ட ஒண்ணேகால் மணி நேரம் லாபம். செலவு: இரண்டு சனி ஞாயிறு, ஒரு கூலர், கேபினட்டின் ஒரு மூடி. முடித்து பென்டிரைவில் போட்டு மச்சினனுக்குப் போன் பண்ணினால், "அத்திம்பேர், அப்பா கேட்டார்னு நான் அன்னிக்கே போன்ல எடுத்ததை வாட்ஸ்அப்பில அனுப்பிட்டேனே, பத்து வாட்டி பாத்துட்டார்" என்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல?

42ஐ மட்டும் திரும்ப இறக்கவில்லை. அதற்குத்தான் காசு கொடுத்தேன், வட்டியோடு அனுபவிக்கிறேன். காலையில் எழுந்ததும் அம்மாவின் முதல் கேள்வி இப்போதெல்லாம் "அதுக்கு இன்னிக்கு எவ்வளவு?" என்பதுதான். நாற்பத்தெட்டு என்றால் "தேவலையே" என்கிறாள். நேற்று ராத்திரி ஃபேனைத் தூக்கி அவள் கட்டில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறாள், பின்னால் இருக்கும் குமிழை அமுக்கி ஆடவும் விட்டிருக்கிறாள். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்.

பின்னணியில் இன்னொரு வீடியோ ஓடுகிறது. வெப்பநிலை வரைபடம் நேர்கோடாக இல்லாமல் அலை அலையாகப் போகிறது, 67, 71, 67, 71. முதலில் பேஸ்ட் சரியாக ஒட்டவில்லையோ என்று பயந்தேன். அப்புறம் புரிந்தது. கோடு மேலே ஏறும்போது காற்று அம்மா மேல் படுகிறது.