அப்ரூவர் கேள்வியில் நான் மார்க்கை விட்ட இடம்

சாட்சியச் சட்டப் பேப்பரில் 'அப்ரூவர் சொல்வதை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா' என்று கேட்டிருந்தார்கள். (அப்ரூவர் என்றால் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லும் குற்றக் கூட்டாளி.) பிரிவு 133 மனப்பாடம் என்பதால் தண்டிக்கலாம், சட்டவிரோதம் இல்லை என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்தேன். பாதி மார்க்கூட வரவில்லை. 133-க்கு ஜோடியாக 114-இன் எடுத்துக்காட்டு (பி) இருக்கிறது, கூட்டாளியின் பேச்சை முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் தாங்கினால் ஒழிய நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது அது. நான் அதைத் தொடவே இல்லை.

அடுத்த முறை காந்தி கொலை வழக்கைப் பிடித்துக்கொண்டேன், அதன்பிறகு மறக்கவே இல்லை. புனேயில் ஆயுத வியாபாரம் செய்த திகம்பர் பட்கே அப்ரூவர் ஆனார். காந்தியைச் சுட்ட கோட்சேயும் சதியில் கூட இருந்த ஆப்தேயும் மும்பையில் இந்து மகாசபைத் தலைவராக இருந்த சாவர்க்கரைப் பார்க்கப் போனபோது தானும் கீழே இருந்ததாகவும், வெற்றியோடு திரும்பும்படி சாவர்க்கர் அவர்களை வாழ்த்தி அனுப்பியது காதில் விழுந்ததாகவும் சொன்னார். செங்கோட்டையில் நடந்த விசாரணையில் நீதிபதி ஆத்மாசரண் பட்கேயை நம்பினார். ஆனாலும் சாவர்க்கரை அந்தச் சதியோடு இணைக்க அந்த ஒரு வாய் போதாது என்று 1949 பிப்ரவரியில் அவரை விடுவித்தார், மற்ற ஏழு பேருக்கும் தண்டனை. ஆள் நம்பகமானவரா என்பது ஒரு கேள்வி, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஒவ்வொருவரையும் குற்றத்தோடு இணைக்கத் தனி ஆதாரம் உண்டா என்பது வேறு கேள்வி. உச்ச நீதிமன்றத்தின் சர்வான் சிங் (1957) தீர்ப்பின் இரட்டைச் சோதனையும் இதுதான், அதை இங்கே சேர்த்து எழுதுங்கள். ஒரு கூட்டாளியின் சாட்சியத்துக்கு இன்னொரு கூட்டாளியே ஆதாரமாக முடியாது (சாதாரணமாக) என்பதையும் ஒரு வரி போடுங்கள்.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 133 என்பது 138 ஆகிவிட்டது, 114 என்பது 119. எண் மட்டும் மாறவில்லை. கூட்டாளியின் சாட்சியத்தை வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதமல்ல என்னும் அந்த 133-இன் வாசகத்தில் 'ஆதாரம் இல்லாத' சாட்சியம் என்று இருந்தது 138-இல் 'ஆதாரம் உள்ள' சாட்சியம் என்று மாறியிருக்கிறது. பலர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வாசகத்தையே எழுதுகிறார்கள், நானும் ஒரு மாதிரித் தேர்வில் அப்படித்தான் செய்தேன்.

அப்ரூவருக்கு மன்னிப்பு வழங்கும் நடைமுறை சாட்சியச் சட்டத்தில் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது: பழையதில் பிரிவு 306 முதல் 308 வரை, இப்போதுள்ள புதியதில் 343 முதல் 345 வரை. மன்னிப்பு கிடைத்ததும் அப்ரூவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் விசாரணை முடியும்வரை உள்ளேதான். உண்மையை மறைத்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால் அவரையே தனியாக விசாரிக்கலாம்.

அப்புறம், பிறழ் சாட்சியையும் அப்ரூவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னவர் அரசுத் தரப்பை விட்டு நழுவுகிறவர், பின்னவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து அரசுத் தரப்புக்கு வருகிறவர்.