கார்ட்லெஸ் சர்க்குலர் சா: வோல்ட்டை விட செல்லை எண்ணுங்கள்

நம் ஊரில் ஒரு வீட்டில் இன்டீரியர் வேலை நடந்தால், பிளைவுட் அறுக்கத் தச்சர் கையில் பெரும்பாலும் இருப்பது நாலு அங்குல மார்பிள் கட்டர்தான். கல் அறுக்கும் வட்டைக் கழற்றிவிட்டு 110 மி.மீ. கார்பைடு பல் வைத்த மர பிளேடை மாட்டியிருப்பார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது மரத்துக்காகச் செய்த மெஷின் இல்லை. பிளேடின் கீழ்ப்பாதியைத் தானாக மூடும் ஸ்பிரிங் கார்டு அதில் கிடையாது. அறுத்து முடித்துத் தூக்கும்போது, நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு திறந்தபடியே நிற்கும். சுவிட்சில் லாக் பட்டனும் உண்டு. அதை அழுத்தி வைத்திருந்தால், மெஷின் கையை விட்டுப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பமான கார்ட்லெஸ் சர்க்குலர் சாவில் இது நேர்மாறு. பாதுகாப்புப் பட்டனை அழுத்தினால்தான் சுவிட்சே இயங்கும். விரலை எடுத்ததும் நின்றுவிடும். நல்ல மாடல்களில் எலெக்ட்ரிக் பிரேக் இருப்பதால் பிளேடு ஓரிரு நொடியில் அடங்கும். என்னைக் கேட்டால் மார்பிள் கட்டரை விட்டு மாறுவதற்கு இதுவே முதல் காரணம். வயர் இல்லை என்பதெல்லாம் அப்புறம்.

எந்த அளவு வாங்குவது? நீங்கள் அறுக்கப்போகும் மரத்தின் கனம்தான் பதில் சொல்லும். கார்ட்லெஸ்ஸில் பொதுவாகக் கிடைப்பவை 136, 165, 190 மி.மீ. பிளேடுகள். 165 மி.மீ. ரம்பம் நேராக அறுக்கும்போது சுமார் 55 முதல் 57 மி.மீ. ஆழம் இறங்கும், 45 பாகை சாய்த்தால் 40 மி.மீ. அளவில் நிற்கும். 190 மி.மீ. ரம்பம் நேராக 65 மி.மீ. சொச்சம். ஆறு நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிளைவுட், பிளாக் போர்டு, எம்.டி.எஃப்., இரண்டு அங்குல ரீப்பர், கட்டில் சட்டம் இவற்றுக்கெல்லாம் 165 தாராளம். அலமாரியும் மாடுலர் கிச்சனும் மட்டும் செய்பவருக்கு 136 போதும், எடையும் குறையும்.

கதவு நிலை அறுக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய ரம்பம் கேட்பவர்கள் ஒரு கணக்கு போட வேண்டும். ஐந்துக்கு மூன்று நிலைச்சட்டத்தின் மூன்று அங்குலம் என்பது 76 மி.மீ. அதை 190 மி.மீ. ரம்பமும் ஒரே வீச்சில் அறுக்காது. எந்த ரம்பமானாலும் மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டு, இரு பக்கத்திலிருந்தும்தான் அறுக்க வேண்டும். அப்படி அறுப்பதற்கு 165-ஏ போதும். நாலுக்கு இரண்டரைச் சட்டத்தின் இரண்டரை அங்குலம் 63.5 மி.மீ., அதை 190 ஒரே வீச்சில் அறுத்துவிடும். 190-ஐ வாங்க உண்மையான காரணம் அந்த அளவு மரம் தினமும் கையில் வருவதுதான். இல்லையென்றால் கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு திரிவதே மிச்சம்.

அடுத்தது பேட்டரி. பணம் வீணாவது அதிகமும் இதில்தான். 18 வோல்ட் பேக்குக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், அதே ஐந்து செல்லை 20 வோல்ட் மேக்ஸ் என்றும் 21 வோல்ட் என்றும் அச்சிடலாம். டிவால்ட்டின் ஒரே வகை பேட்டரி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ், ஐரோப்பாவில் 18 வோல்ட். இரண்டுக்கும் சக்தியில் வித்தியாசம் இல்லை. இணையத்தில் மலிவாக வரும் மெஷின்களில் 88 வி.எஃப்., 128 வி.எஃப். என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் வோல்ட்டுக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான்.

பார்க்க வேண்டியது அந்த வரிசை ஒன்றா, இரண்டா என்பது. 2 அல்லது 2.5 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) பேக்கில் ஐந்து செல்தான். 5 ஆம்பியர்-மணி பேக்கில் பொதுவாகப் பத்து செல், இரண்டு வரிசை. கடினமான மரத்தில் ரம்பம் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐந்து செல் பேக்கில் அந்த 30-ம் ஒவ்வொரு செல் வழியாகவும் போயாக வேண்டும். 2.5 ஆம்பியர்-மணி 18650 செல் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை) பலவற்றின் தொடர் எல்லை 20 ஆம்பியர். வோல்ட் சரியும், சுற்று குறையும், பேக் சுடும், கடைசியில் பாதுகாப்பு சர்க்யூட் பாதி அறுப்பில் மெஷினை நிறுத்திவிடும். பத்து செல்லில் அதே சுமை 15, 15 ஆகப் பிரிந்துவிடுகிறது. மெஷினில் சக்தி இல்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை, டிரில்லோடு வந்த சின்ன பேட்டரியை ரம்பத்தில் மாட்டியதால் வருபவை.

ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும்? 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. ஆறு நூல் பிளைவுட்டில் எட்டடி நீளத்தை 25 நொடியில், சராசரி 500 வாட்டில் அறுப்பதாக வைத்தால் ஓர் அறுப்புக்கு மூன்றரை வாட்-மணி. காகிதக் கணக்கில் 25 அறுப்பு. பிளேடு மழுங்கியிருந்தால் பாதிகூட வராது. ஒரு பேட்டரி ஓட, ஒன்று சார்ஜில் இருக்க, குறைந்தது இரண்டு வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அறுத்த சூட்டோடு பேக்கைச் சார்ஜரில் செருகினால் விளக்கு மட்டும் மினுக்கும், சார்ஜ் ஏறாது. ஆறும்வரை அது காத்திருக்கும், பழுது என்று நினைக்க வேண்டாம். நிழலில் வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள்.

ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே கம்பெனி ரம்பத்தை பேட்டரி இல்லாமல் வாங்குவதுதான் லாபம். மகிடாவில் மாடல் எண்ணின் கடைசியில் 'இசட்' இருந்தால் பேட்டரியும் சார்ஜரும் பெட்டியில் வராது என்று பொருள். விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடையில் பேட்டரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டுமா என்றால், ரம்பத்துக்குக் கட்டாயம் வேண்டும். டிரில்லில் கார்பன் பிரஷ் மோட்டாரோடு சமாளித்துவிடலாம். தொடர்ந்து சுமை வாங்கும் ரம்பத்தில் அது பேட்டரியைச் சூடாகவே கரைத்துவிடும்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. பேட்டரியைக் கழற்றுங்கள். ஆழத்தை முழுதாக இறக்குங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அது முன்பக்கம் இருக்கும்போது அடித்தகட்டின் விளிம்புக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். தகடு பிளேடுக்கு இணையாக இல்லை என்றால் பிளேடின் பின்பகுதி மரத்தை உரசும். அறுப்பு கருகும், கைட் (ரம்பத்தை நேராக ஓட்ட உதவும் சட்டம்) வைத்தும் கோடு விலகும், பேட்டரி சீக்கிரம் தீரும். வளைத்து அடித்த இரும்புத் தகட்டை விட வார்ப்பு அலுமினியமோ மக்னீசியமோ நல்லது. கீழே விழுந்தால் இரும்புத் தகடு சத்தமில்லாமல் வளைந்துவிடும். கீழ் கார்டைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள், டக்கென்று மூட வேண்டும்.

பிளேடு இடமா வலமா என்பதும் கவனிக்க வேண்டியது. வலக்கைக்காரருக்குப் பிளேடு இடப்பக்கம் இருந்தால் கோடு நேராகத் தெரியும். வலப்பக்கம் இருந்தால் மெஷினின் மேலே எட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் தகட்டின் அகலமான பகுதி, வெட்டி விழாத மரத்தின் மேல் உட்காரும். கைட் வைத்தே அறுப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை.

பெட்டியில் வரும் பிளேடு பொதுவாக 24 பல், நீளவாக்கில் கிழிக்க. பிளைவுட்டுக்கு 40 பல் ஒன்று தனியாக வாங்குங்கள். மைக்கா ஒட்டிய பலகைதான் அதிகம் என்றால் 165-இல் 52 முதல் 60 பல் வரை போகலாம். 1.6 முதல் 1.8 மி.மீ. மெல்லிய அறுப்பு உள்ள பிளேடு பேட்டரியை மிச்சப்படுத்தும். நடுத்துளை 165-இல் பெரும்பாலும் 20 மி.மீ. 190-இல் ஐரோப்பிய வகைக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு 15.88 மி.மீ. என்று மாறும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று மெஷினின் சுற்றை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய கதவு, நிலை பிரித்த மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். அதற்கென்று ஒரு பழைய 24 பல் பிளேடை ஒதுக்கி வையுங்கள், ஒரே ஆணியில் நல்ல பிளேடின் கார்பைடு நுனிகள் பறந்துவிடும்.

சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே வெட்டி வரும். அதனால் சிம்பு மேல்பக்கம்தான் எழும்பும். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு, கோட்டைப் பின்பக்கம் போடுங்கள். இரண்டு பக்கமும் மைக்கா என்றால், மேல்பக்கக் கோட்டில் கத்தியால் இரண்டு மூன்று முறை அழுத்திக் கீறிவிட்டு அறுங்கள். டேப் ஒட்டுவது ஓரளவுதான் உதவும்.

ரம்பம் உதைப்பதற்குக் காரணம் மரம் பிளேடை நெருக்குவது. எட்டுக்கு நாலு ஷீட்டை இரண்டு முனையிலும் ஸ்டூல் வைத்து நடுவில் அறுத்தால், நடு தொங்கி, அறுத்த வாய் மூடிப் பின்பக்கப் பல்லைக் கவ்வும். மெஷின் உங்களை நோக்கிப் பாயும். தரையில் நாலு ரீப்பர் போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வருமாறு ஷீட்டை வைத்தால் எதுவும் தொங்காது. ஆழத்தைப் பலகையின் கனத்தை விட ஒரு நூல், மிஞ்சினால் ஒன்றரை நூல் மட்டும் கூட்டி வையுங்கள். நடுவில் சிக்கினால் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகே பின்னால் இழுங்கள். பிளேடைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். எம்.டி.எஃப். அறுக்கும்போது கண்ணாடியோடு என்95 மாஸ்க்கும் வேண்டும், துணி கட்டினால் அந்தத் தூள் நிற்காது.

நேர்க்கோட்டுக்கு விலையுயர்ந்த ரெயில் உடனே தேவையில்லை. 6 மி.மீ. எம்.டி.எஃப். பட்டை ஒன்றின் மேல் நேரான அலுமினியச் சட்டத்தைத் திருகி, ரம்பத்தை அதை ஒட்டி ஒருமுறை ஓட்டி மிச்சத்தை அறுத்துவிட்டால், அந்த விளிம்புதான் பிளேடு போகும் வழி. அதைக் கோட்டில் வைத்து இரண்டு கிளாம்ப் போட்டால் போதும். பிளேடு மாற்றினால் விளிம்பைச் சரிபார்க்க வேண்டும், பல்லின் அகலம் மாறினால் கோடும் நகர்ந்துவிடும்.