முதுகில் வைத்த இரண்டு விரல்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, வழக்கம்போல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, மணி அடிக்கும் முன் ஓடிய ஓட்டம் என்றுதான் நானும் தொடங்கினேன். இரண்டு பந்தி எழுதியதும் மனம் ஒட்டவில்லை, அழித்துவிட்டேன். பள்ளிக்கூடம் தந்தவற்றில் இன்றைக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் நான் எடுத்துப் பாவிப்பது எது என்று யோசித்தால், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆறரை மணிக்கு மண்டபத்தில் சொல்லித் தந்த யோகாசனம்தான். அதைப் பற்றி எழுதப் போனால், ஐம்பத்திரண்டு வயதில் பழகத் தொடங்கிய கோல்ஃபைப் பற்றியும் எழுத வேண்டி வருகிறது. எனக்கு இரண்டும் ஒரே பாடம்.

1979ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயது. பதினாறு பேர்தான் வருவோம். சீமெந்துத் தரை, ஆளுக்கொரு மடித்த போர்வை. சேர் ஒரு காலையில் மூன்று ஆசனத்துக்கு மேல் சொல்லித் தந்ததே இல்லை, அதுவும் மூன்றில் இரண்டு முதல் நாள் செய்ததாகத்தான் இருக்கும். காலை நீட்டி இருந்து முன்னுக்குக் குனியும் பச்சிமோத்தாசனத்தில் நான் ஆறு கிழமைக்குள் கால்விரலைத் தொட்டுவிட்டேன். மற்றவர்களுக்கு எட்டவில்லை, எனக்கு எட்டியது, அந்தப் பெருமையோடு குனிந்தபடி இருந்தேன். சேர் பின்னால் வந்து நின்றார். என் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு விரலை வைத்தார்.

"தம்பி, இந்த இடம் வளைஞ்சு கிடக்கு. கால்விரலை விடு. முழங்காலைப் பிடி. இங்கயிருந்து முன்னுக்குப் போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதுகு நேராக இருக்கிறது என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன், ஏனென்றால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. சேர் பக்கத்தில் இருந்தவனை எழுப்பி, என் முதுகில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவன் "கூனிக்கொண்டு இருக்கிறான் சேர்" என்றான். அந்தத் தவணை முழுக்க நான் முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் எட்டுவது கணக்கில்லை, இடுப்பு மூட்டிலிருந்து மடிவதுதான் கணக்கு என்பது உடம்புக்குப் புரிய அவ்வளவு காலம் எடுத்தது. அடுத்த வருடம் ஒரு நாள் மறுபடி கால்விரலுக்குக் கை தானாகப் போய்ச் சேர்ந்தபோது, தொடை பின்பக்கத்தில் முன்பு இருந்த அந்தச் சுண்டி இழுக்கும் வலி இல்லை, மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

சேருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. நாளுக்கு இருபது நிமிடம். விட்டுப்போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் செய்து சரிக்கட்ட ஏலாது என்பார். ஒரு நாள் கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார்: நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு. அது பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் முதற்பாதத்தின் 14ஆவது சூத்திரம் என்று நான் அறிந்துகொண்டது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. பயிற்சி எப்போது வேரூன்றும் என்பதற்கு அங்கே அந்த மூன்றும்தான் சொல்லியிருக்கிறது. எவ்வளவு வளைய வேண்டும், எத்தனை முறை செய்ய வேண்டும் என்ற பேச்சே இல்லை. ஆசனம் என்றால் என்ன என்பதற்கும் அந்த நூல் நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்று மட்டும்தான் சொல்கிறது.

கடல் கடந்து வந்தபிறகு எல்லாம் விட்டுப்போயிற்று. இரவு வேலை, பகல் வேலை, பிள்ளைகள், இருபது வருடத்துக்கு மேல் போர்வையை விரித்துத் தரையில் இருந்ததே இல்லை. பிறகு உடம்பு இறுகத் தொடங்கியதும் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். பெரிய மண்டபம், நிறையப் பேர், ஆசிரியர் முன்னால் மேடையில் தானே செய்து காட்டி எண்ணிக்கொண்டு போவார், நாங்கள் பின்தொடர்வோம். ஒரு மணித்தியாலத்தில் யாரும் என் பின்னால் வந்து நிற்கவில்லை. மூன்றாம் கிழமை குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, பத்து நாள் சப்பாத்துக் கயிறு கட்ட முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் நல்ல மனதுக்காரர்கள், ஆசனங்களை அழகாகவும் செய்தார்கள். ஆனால் மாணவனின் முதுகைப் பார்க்காத வகுப்பை நான் வகுப்பு என்று சொல்ல மாட்டேன்.

அடுத்துப் போனது எட்டே பேர் படிக்கும் சின்ன வகுப்பு. அந்த ஆசிரியை யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் படித்தவர். ஐயங்கார் 2014இல் 95 வயதில் காலமானார். சிறுவயதில் நோயாளிப் பிள்ளையாக இருந்தவர். உடம்பு இறுகினவர்களும் ஆசனத்தைச் சரியான வடிவில் செய்ய வேண்டும் என்பதற்காகக் கட்டை, பட்டி, மடித்த போர்வை, கயிறு எல்லாவற்றையும் கொண்டுவந்தவர். முதல் நாள் அந்த ஆசிரியை எனக்கு ஒரு போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் இருக்கச் சொன்னார், பாதத்தைச் சுற்றிப் பட்டியைப் போட்டு இரண்டு முனையையும் கையில் தந்தார். அதன் பிறகு என் பின்னால் வந்து, அதே இடத்தில், இரண்டு விரலை வைத்தார். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பெண், எங்கள் சேரை அறிய வழியே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, கோல்ஃபுக்கு வருகிறேன்.

வேலைத்தலத்து நண்பர் ஒருவர்தான் கூட்டிக்கொண்டு போனார். பச்சைப் புல், நல்ல காற்று, தடியால் ஒரு வெள்ளைப் பந்தை அடிப்பது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் யாரிடமும் படிக்காமல், வீடியோக்களைப் பார்த்துப் பழகினேன். சனிக்கிழமை பயிற்சித் திடலுக்குப் போய் நூறு பந்து அடிப்பேன், மற்ற நாட்களில் தடியைத் தொடுவதில்லை. பந்து ஒவ்வொரு முறையும் வலது பக்கமாக வளைந்து போகும், ஸ்லைஸ் என்பார்கள். அதைச் சரிக்கட்ட நான் இன்னும் இடது பக்கம் திரும்பி நின்று அடித்தேன். அப்படி நின்றால் தடி பந்தை வெளியிலிருந்து உள்ளாக வெட்டிக்கொண்டு வரும், வளைவு இன்னும் கூடும் என்பது அப்போது தெரியாது. ஒன்றரை வருடமாக நான் பழகியது அந்தப் பிழையைத்தான். பிழையும் பழகப் பழக உறுதியாகும், அதைக் கழற்றப் பிறகு இரண்டு மடங்கு நேரம் வேண்டும். தனியாகப் பழகுகிறவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கடைசியில் ஒரு பயிற்றுநரிடம் போனேன். வயதானவர். பத்துப் பந்து அடிக்கச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து என் வீச்சைப் பற்றி எதுவும் சொல்லாமல் இடது கையைப் பார்த்தார். தடியின் பிடி என் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்தது. அதை விரல்களின் அடியோடு சரிவாகப் போகும்படி வைத்து, கையை மேலிருந்து மூடி, கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். குனிந்து பார்த்தால் எத்தனை விரல் முட்டி தெரிகிறது என்று கேட்டார். முன்பு ஒன்றுதான் தெரியும், இப்போது இரண்டரை தெரிந்தது. இடது கையால் பேனா பிடிக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கிழமைக்கு அவ்வளவுதான் பாடம். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது தடியை இப்படிப் பிடிப்பதும் விடுவதும், நாளுக்குப் பத்து நிமிடம். திடலுக்கு வந்தால் முப்பது பந்துக்கு மேல் வேண்டாம்.

ஏன் பிடியில் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. தடி மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழ கால் செக்கன்தான் ஆகும். பந்தும் தடியும் ஒட்டியிருப்பது ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் எந்த மனிதனாலும் யோசித்துத் திருத்த முடியாது, கையில் ஏற்கனவே இருப்பதுதான் வெளியே வரும். பந்து புறப்படும் திசை ஒரு பாகை விலகினாலே 150 மீட்டர் தூரத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி விழும். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று கிழமை பிடித்துக்கொண்டே இருந்தேன். நான்காம் கிழமை, ஏழாம் இலக்க அயர்ன் என்ற தடியால் அடித்த பந்து ஒன்று நேரே போயிற்று. கையில் அடித்த உணர்வே இல்லை, ஒரு சின்னச் சத்தம் மட்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம், பக்கவாட்டில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தது. பின்னுக்குத் தூக்கும்போது கை தோள் உயரத்தில் நிற்கிறது என்று நான் நம்பியிருந்தேன். படத்தில் தடி தலையைத் தாண்டிப் பின்பக்கம் தொங்குகிறது. 1979இல் "கூனிக்கொண்டு இருக்கிறான் சேர்" என்ற குரல் அப்படியே காதில் விழுந்தது. நமக்குள்ளே தெரிவது ஒன்று, உடம்பு செய்வது வேறொன்று. ஆசிரியர் எதற்கு என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியாது. கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் பத்து வயதில், 1950இல், ஜாக் கிரௌட் என்ற பயிற்றுநரிடம் பழகத் தொடங்கினார். பெரும் போட்டிகள் 18ஐ வென்றவர். உலகமே தலையில் தூக்கி வைத்த பிறகும், வருடப் பிறப்போடு அதே கிரௌட்டிடம் போய் பிடி, நிலை என்று அடியிலிருந்து தொடங்குவாராம். அவருக்கே பார்க்க ஒரு கண் தேவைப்பட்டிருக்கிறது.

நீண்ட அடியைவிட எனக்கு இப்போது பிடித்தது குழிக்குப் பக்கத்தில் உருட்டி விடும் அந்தச் சின்ன அடி, பட்டிங். 18 குழியையும் 72 தடவை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தில், ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 தடவை இதற்கென்றே கணக்கு. பாதி. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து இரண்டு பாகை விலகினால் பந்து ஏழு சென்ரிமீட்டர் தள்ளிப் போய்விடும், குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கோ ஐந்தரை கூட இல்லை. இதைப் பழகத் திடல் தேவையில்லை. வீட்டுக் கம்பளத்தில் இரண்டு நாணயத்தை பந்து மட்டும் போகிற இடைவெளியில் வைத்து, இரவில் இருபது பந்து உருட்டி, எத்தனை தட்டாமல் போயிற்று என்று கொப்பியில் எழுதுவேன். முதற்கிழமை ஒன்பது, பத்து. மூன்று மாதத்தில் பதினைந்து. பிறகு திடீரென்று பதினொன்றுக்கு இறங்கி இரண்டு கிழமை அங்கேயே நின்றது. கொப்பியைக் கொண்டுபோய்ப் பயிற்றுநரிடம் காட்டினேன். அவர் என் மூக்குக்கு நேரே ஒரு பந்தைப் பிடித்து விழவிட்டார். கீழே இருந்த பந்துக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. என்னை அறியாமல் பந்தைவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறேன். ஒரு சின்ன அடி முன்னுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் முதுகைத் திருப்பிப் பழகிய பிறகுதான், தோள் திரும்பும்போது இடுப்பு கூடவே ஓடாமல் நிற்கத் தொடங்கியது. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு, அடித்து முடித்து இடது காலில் பாரம் முழுக்க ஏறிய நிலையில் பந்து விழும்வரை அசையாமல் நிற்பது பெரிய வேலையாகத் தெரியாது. என் ஹேண்டிகேப், அதாவது தேவைப்படும் கூடுதல் அடிகளைக் காட்டும், குறையக் குறைய நல்லதான இலக்கம், 36இல் தொடங்கி இப்போது 19. அதில் யோகாவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் காலையில் ஆசனம் விட்ட கிழமைகளில் முதல் நான்கு குழியிலேயே இடுப்பு சொல்லிவிடும்.

நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சங்கத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். முதலில் பேசாமல் பார்க்கிறாரா, ஒரு நாளுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறாரா, அடுத்த முறை போகும்போது அந்த ஒன்றைத்தான் முதலில் கேட்கிறாரா, இவ்வளவும்தான் நான் பார்ப்பது. முதல் நாளிலேயே கால், கை, தலை, தோள் என்று ஐந்தாறு திருத்தம் சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த முறை போகாமல் விடலாம்.

போன மாதம் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் சேரின் இலக்கத்தைத் தேடித் தந்தான். 86 வயது. வீடியோவில் எடுத்தேன், குரல் மெலிந்துவிட்டது, ஆனால் நிமிர்ந்துதான் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்து, "கால்விரலுக்கு அவசரப்பட்ட பிள்ளை" என்றார். கோல்ஃப் பழகுவதைச் சொன்னேன், அக்கறையோடு கேட்டார், எத்தனை நாளுக்கு ஒருக்கால் பழகுகிறாய் என்று மட்டும் கேள்வி. பிறகு தொலைபேசியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கவாட்டில் இருந்து குனிந்து காட்டச் சொன்னார். வேட்டியும் சட்டையுமாக அவர் அங்கே, நான் இங்கே தரையில் கால் நீட்டிக்கொண்டு. நெடுநேரம் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நிமிரப் பார்த்தேன்.

"அசையாத, பாக்கிறன்" என்றார். பிறகு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா இடப்பக்கம் கொஞ்சம் கூடத் திரும்பி நிக்குது. வலக்காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழு."

இழுத்தேன். இடுப்பின் வலப்பக்கத்தில், இத்தனை வருடமாக அங்கே இருப்பதே தெரியாத ஓரிடம் மெல்லத் திறந்தது.