சப்ளை செயினில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

உற்பத்தி நிறுவனத்தில் சப்ளை செயின் வேலை என்றால் எக்செலில் எண்களைத் தட்டுவதுதானே என்று பலர் கேட்கிறார்கள். எக்செல் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் இந்த வேலையின் உயிர் ஸ்டோர்ஸில், அதாவது நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் இருக்கிறது.

கணினியில் ஒரு பேரிங் 320 இருப்பு என்று காட்டும். ரேக்கில் போய் எண்ணினால் 280. மீதி 40 எங்கே? பெரும்பாலும் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். உற்பத்தி லைனுக்கு அவசரமாக எடுத்துப் போனவர் இஷ்யூ சிலிப் (சரக்கு எடுத்ததற்கான சீட்டு) போட்டிருக்க மாட்டார், இல்லாவிட்டால் தரச் சோதனையில் நிராகரித்தது கணக்கில் இன்னும் கழியாமல் கிடக்கும். இதைத் தேடிப் பிடிப்பது சின்ன வேலை இல்லை. அந்த 320-ஐ நம்பித்தான் எம்ஆர்பி (எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடும் மென்பொருள்) அடுத்த ஆர்டரைக் கணக்கிடுகிறது. இருப்பு தப்பானால் அப்புறம் எல்லாமே தப்பு.

மறு ஆர்டர் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 செலவாகிறது, சரக்கு வந்து சேர 10 நாள், பாதுகாப்பு இருப்பு (அவசரத்துக்கென்று கூடுதலாக வைப்பது) 100 என்றால், கையிருப்பு 500-ஐ (40 × 10 + 100) தொட்டதுமே ஆர்டர் போக வேண்டும். சூத்திரம் சுலபம். சப்ளையர் சொல்லும் 10 நாள் உண்மையில் 10 நாள்தானா என்பதுதான் கேள்வி. பழைய ஆர்டர் தேதிகளையும் சரக்கு வந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும்.

சேர்ந்த புதிதிலேயே ஸ்டோர்ஸ்காரர்களோடு நன்றாகப் பழகுங்கள். எந்தப் பொருள் எங்கே தேங்குகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. எனக்கு இந்த வேலை இவ்வளவு பிடித்துப்போனதற்கு அவர்களும் ஒரு காரணம்.