தோளை ஒட்டி நின்ற கம்பம் ஒருவழியாகப் போனது

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் உட்கார்ந்து எடுத்ததில், நண்பரின் தோளை உரசிக்கொண்டு நின்ற விளக்குக் கம்பம் படத்தை விட்டுப் போய்விட்டது. 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாலும் அங்கே கம்பம் இருந்ததாகத் தெரியவில்லை. கை இன்னும் சூடாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

படம் இப்படி: பின்னால் செங்கல் சுவர், நேராக இல்லாமல் வலப்பக்கம் விலகிக்கொண்டே போகிறது. முன்னால் வெள்ளைச் சட்டையில் நண்பர். அவருக்கும் சுவருக்கும் நடுவே கறுப்புக் கம்பம். வானத்தில் இரண்டு ஒயர், தரையில் கம்பத்தின் நிழல். ஒயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வானம்தானே, ஹீலிங் டூலில் (வேண்டாததைச் சுற்றியிருப்பதோடு கலந்து மறைக்கும் கருவி) ஒரு முனையில் கிளிக், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுமுனையில் கிளிக், முடிந்தது.

நேரமெல்லாம் போனது தோளில்தான். ஹீலிங் டூல் சாம்பிள் எடுத்த இடத்திலிருந்து சொரசொரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரஷ் வட்டத்தின் விளிம்பில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து ஒத்துப்போக வைக்கிறது. விளிம்பு சட்டையைத் தொட்டால் வெள்ளை உள்ளே கசிந்து, செங்கல் மேல் பால் கொட்டியது போல் பரவுகிறது. கம்பத்தைத் தொட்டால் கருமை கசிகிறது. இது டூலின் குறை இல்லை, அது வேலை செய்யும் விதமே அதுதான். அதனால் தோள் ஓரத்தில் ஹீலிங்கைத் தொடவே கூடாது. முதலில் குளோன் டூலால் (ஒரு இடத்தை அப்படியே இன்னொரு இடத்தில் படியெடுக்கும் கருவி) தோளை ஒட்டி ஒரு மெல்லிய பட்டைக்குச் சுவரைப் பூசி, கம்பத்தையும் தோளையும் பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகு மிச்சக் கம்பத்தைச் சுற்றிச் சுவர்தான் இருக்கும், அதை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பிரித்தாலும் ஒரு வில்லங்கம் பாக்கி. எவ்வளவு ஷார்ப்பான படத்திலும் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்காது. இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு இரண்டு பக்க நிறமும் கலந்திருக்கும். வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் கறுப்புக் கம்பம் இருந்ததால் அந்தப் பிக்சல்கள் சாம்பல் நிறம். பின்னால் செங்கல் வந்த பிறகும் அவை சாம்பலாகவே இருந்தால், தோளைச் சுற்றி யாரோ பென்சிலால் கோடு போட்டது தெரிந்துவிடும். அங்கே இருக்க வேண்டியது வெளிறிய செங்கல் சிவப்பு. எடிட் செய்த படங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தச் சாம்பல் கோடுதான். பலரும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் தீராத வருத்தம்.

நல்ல வேளையாக, கொஞ்சம் கீழே கைப்பக்கம் அதே சட்டையின் ஓரம் சுவர் மேல் சுத்தமாக விழுந்திருந்தது. வெளிச்சமும் அதே பக்கத்திலிருந்துதான். அந்த ஓரத்தைச் சுவரும் சட்டையும் சேர்த்து ஒரு துண்டாக காப்பி செய்து, புது லேயரில் (படத்தின் மேல் தனி அடுக்கு) ஒட்டி, தோளின் சாய்வுக்குத் திருப்பி வைத்தேன். அப்புறம் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க் போட்டு, அந்தக் கலப்புப் பிக்சல்கள் மட்டும் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் திறந்தேன். செலக்‌ஷனை மாங்கு மாங்கென்று மெருகேற்றுவதைவிட, அதே படத்திலிருந்து உண்மையான ஓரத்தை எடுத்து வைப்பது எவ்வளவோ மேல்.

பிரஷ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. குளோன் செய்யும்போது ஒப்பாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 100, ஹார்ட்னஸ் (பிரஷ் ஓரத்தின் கூர்மை) 75-க்கு மேல். மெத்தென்ற பிரஷ்ஷை வைத்து 50 சதவீத ஒப்பாசிட்டியில் தடவித் தடவி எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கிரெய்னைப் (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள்) பாதிப் பாதியாகக் கலந்தால் கிரெய்ன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். நிறம் கச்சிதமாகப் பொருந்தினாலும் அந்த இடம் மட்டும் வழவழவென்று தெரியும்.

செங்கல் வரிசைகளை குளோனால் பொருத்துவது நடக்காத காரியம். சுவர் விலகிப் போவதால் இடப்பக்கத்துச் செங்கல் பெரிது, வலப்பக்கத்துச் செங்கல் சிறிது. சுற்றியிருப்பதைப் பார்த்து இடத்தைத் தானே நிரப்பும் ரீசிந்தசைசர் பிளக்-இன்னும் (கிம்ப்பில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இங்கே தடுமாறியது, சாந்துக் கோடுகள் பாதியில் உடைந்து நின்றன. புல், மணல், இலை என்றால் அதை மிஞ்ச ஆளில்லை. வரிசை ஒழுங்கு உள்ள இடத்தில் அதை நம்புவதில்லை. சுவரின் ஒரு பெரிய துண்டையே எடுத்து, பெர்ஸ்பெக்டிவ் டூலில் நான்கு மூலையையும் இழுத்து, ஒப்பாசிட்டியைப் பாதியாக்கிச் சாந்துக் கோடு சாந்துக் கோட்டின் மேல் உட்காரும்வரை நகர்த்தினேன். இழுப்பதெல்லாம் ஒரே தடவையில் முடிய வேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்முக்கும் துண்டு கொஞ்சம் மங்கும். கடைசியில் அந்த லேயருக்கு மட்டும் லேசாக நாய்ஸ் (அதே கிரெய்ன் புள்ளிகள்) சேர்த்தேன். பக்கத்துச் சுவரோடு கலந்துவிட்டது.

கிம்ப் 3-க்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பைத்தான் 2-ல் எழுதிய பழைய பிளக்-இன்கள் அதில் ஓடாது. பிடித்த பிளக்-இன்னுக்குப் புது வடிவம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. 2021-ல் வந்த லாமா என்ற ஏஐ மாடல் பெரிய ஓட்டைகளை நிரப்பவே உருவானது, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் கெட்டி என்கிறார்கள். இதே சுவரை அதற்குக் கொடுத்து, என் கைவேலையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டமுள்ள இடத்தில் டிரைபாட் வைத்து வரிசையாகப் படமெடுத்து, மீடியன் (ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படங்களிலும் உள்ள நடு மதிப்பு) போட்டு நடமாடும் ஆட்களை எடுக்கும் முறையும் பட்டியலில் இருக்கிறது. ஒரு இடத்தைப் பாதிக்கும் மேற்பட்ட படங்களில் யாரும் மறைக்காமல் இருந்தால் போதும், பின்னணி தானாக வந்துவிடும். நிற்கிற கம்பத்துக்கு அது உதவாது.

சரி, நிழல். அது இன்னும் முடியவில்லை. நிழலை குளோன் செய்ய நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதற்குள்ளேயே தரையின் ஒவ்வொரு மணலும் பத்திரமாக இருக்கிறது, வெளிச்சம் மட்டும்தான் குறைவு. மாஸ்க் போட்டு கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தூக்கினால் தரை திரும்ப வருகிறது. தூக்கியதும் நீலம் பூத்தது. நேர் வெயில் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் விழும் இடம் அல்லவா? நீலச் சேனலை (படத்தின் நீல நிறப் பங்கு) சிவப்பு, பச்சை இரண்டையும்விடக் குறைவாகத் தூக்கியதும் சரியாகிவிட்டது. ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தரும் பதிவு) கையில் இருந்ததால் 16 பிட்டில் வேலை செய்ய முடிந்தது. ஜேபெக்கை இவ்வளவு தூக்கியிருந்தால் அதன் சுருக்கத்தால் வரும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்கள் பல்லைக் காட்டியிருக்கும்.

மாஸ்க்கின் ஓரம்தான் இப்போது கையில் இருக்கும் வேலை. கம்பத்தின் அடியில் நிழல் கூர்மை, தள்ளிப் போகப் போக மங்கல். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம் இருப்பதால், ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மங்கும், சாய்ந்த வெயிலில் தரையில் இன்னும் அதிகம். ஆகவே மாஸ்க் முழுவதற்கும் ஒரே ஃபெதர் (ஓரத்தை மங்கலாக்கும் அளவு) செல்லாது. நிழலை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ப்ளரைக் கூட்டிக்கொண்டே போகிறேன். நண்பரின் ஷூ வரை வந்தாயிற்று. அதற்கப்பால் நடைபாதை விளிம்புக் கல்லில் நிழல் மடங்கி ஏறுகிறது. கல்லின் மேல்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் தனித்தனி கர்வ்ஸ் வேண்டும்.