கம்யூனிட்டி காலேஜில் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா படித்த அனுபவம்

நர்சிங் படிக்கலாம் என்று முடிவு செய்தபோது உயிரியலும் வேதியியலும்தான் என் மனதில் இருந்தன. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் நடக்கும் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில், அட்வைசர் எடுத்துக் கொடுத்த பாடப் பட்டியலில் 'மேத் 146, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' (புள்ளியியல்) என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நான் சேர விரும்பிய நர்சிங் பட்டத்துக்கு அது கட்டாயம். அந்த வகுப்பில் உட்கார இன்டர்மீடியட் அல்ஜீப்ரா (இடைநிலை இயற்கணிதம்) முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எந்த வகுப்பில் சேரலாம் என்று பார்க்கும் ப்ளேஸ்மென்ட் டெஸ்டில் அந்த அளவுக்கு மார்க் எடுக்க வேண்டும். எங்கள் காலேஜில் வேதியியலுக்கும் அதே நிபந்தனை.

நான் ப்ளஸ் டூவில் வரலாறு குரூப். அப்புறம் பி.ஏ.வும் வரலாறுதான். கணக்கைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில். இந்தியப் பட்டத்தை இங்கே மதிப்பீடு செய்து வாங்கிய அறிக்கை சில பொதுப் பாடங்களுக்கு உதவியது. கணக்கு என்ற பேச்சே அதில் இல்லாததால் இந்த இடத்தில் உதவவில்லை.

எங்கள் காலேஜில் ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் என்பது அலெக்ஸ் என்ற கணினித் தேர்வு. அதிகபட்சம் 30 கேள்விகள், மதிப்பெண் 100க்கு. நாம் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை அது தேர்ந்தெடுக்கும். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை, பெரும்பாலும் விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். கால்குலேட்டர் தேவைப்படும் கேள்விக்கு மட்டும் திரையிலேயே ஒன்று வரும். தெரியாத கேள்விக்கு 'தெரியாது' என்று அழுத்த வழி உண்டு, தயங்காமல் அழுத்துங்கள். குருட்டாம்போக்கில் சரியான விடை விழுந்து, தகுதிக்கு மீறிய வகுப்பில் போய் உட்கார்ந்தால் கஷ்டப்படப் போவது நாம்தான். முதல் முறை மார்க் குறைந்தால் அதிலேயே இருக்கும் பயிற்சிப் பகுதியில் சில மணி நேரம் படித்துவிட்டு மறுபடி எழுதலாம். நான் படித்துவிட்டு எழுதியும் இன்டர்மீடியட் அல்ஜீப்ராவில்தான் வந்து நின்றேன். சரி, இங்கிருந்தே தொடங்கலாம் என்று பதிவு செய்தேன்.

பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாடத்தின் எண் 100க்குக் கீழே. ஐந்து கிரெடிட்டுக்கும் முழுக் கட்டணம் உண்டு, ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் கணக்கில் இது சேராது. நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும் கூட வராது. ஆகவே உங்கள் படிப்புக்கு எந்தக் கணக்குப் பாடம் கடைசியில் வேண்டும் என்று அட்வைசரிடம் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். சில தொழிற்படிப்புகளுக்கு இந்தப் பாடமே தேவைப்படாது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஊர்ல இப்ப அந்த க்ளாஸே கிடையாதே அண்ணி" என்றாள். 2017ல் அங்கே ஏபி 705 என்ற சட்டம் வந்தது. மாணவர்களை அடிப்படைக் கணக்கு வகுப்புகளிலேயே வருடக்கணக்கில் நிறுத்தி வைக்காமல், ஒரு வருடத்துக்குள் பல்கலைக்கழகத்துக்குச் செல்லுபடியாகும் கணக்கை முடிக்க வழி செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு பல காலேஜ்களில் நேராக ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சேர்த்து, பக்கத்தில் ஒரு துணை வகுப்பும் வைத்தார்கள். அடிப்படை வகுப்புகளின் வரிசையில் சிக்கிப் படிப்பையே விட்டவர்கள் ஏராளம் என்பதால் அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. பள்ளி முடித்துச் சூடு ஆறாமல் வரும் பிள்ளைகளுக்கு அது சரியான வழி. என்னைப் போலப் பல வருடம் கணக்கைத் தொடாதவர்களுக்கு மட்டும் இந்த வகுப்பும் ஒரு வாய்ப்பாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வகுப்பு மாலையில். எனக்கு ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து வந்த இளைஞர், மறுபக்கம் இரவு ஷிப்டில் பஸ் ஓட்டும் எத்தியோப்பியர். புத்தகம் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். ஹோம்வொர்க், மார்க் எல்லாம் கேன்வாஸ் என்ற இணையதளத்தில். கிராஃபிங் கால்குலேட்டர் புதிதாக வாங்கினால் நூறு டாலரைத் தாண்டும். நூலகத்தில் குவார்ட்டர் (ஒரு பருவம்) முழுவதற்கும் இரவல் கொடுத்தார்கள். முதல் வாரமே போய் எழுதி வாங்கிவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

குவார்ட்டர் என்பது பரீட்சை வாரத்தையும் சேர்த்துப் பதினோரு வாரம்தான். நேர்க்கோட்டுச் சமன்பாடு, காரணிப்படுத்தல், பின்னக் கோவைகள், வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, கடைசியில் மடக்கை (லாகரிதம்) என்று பாடம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஒரு அத்தியாயம் போய்விடும்.

முதல் இரண்டு வாரம் பழைய நினைவே போதுமானதாக இருந்தது. பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்விக்கு உறுதியாக மார்க் கிடைக்கும் என்று திரும்பத் திரும்பப் போட்ட பழக்கம் கையில் இருந்தது. கோட்டின் சாய்வு, வெட்டுத்துண்டு எல்லாம் தானாக வந்தன. காரணிப்படுத்தலில் கொஞ்சம் துரு. அதற்கப்புறம் வர்க்கமூலச் சமன்பாடு வந்தது. இந்த வகுப்பு எனக்கு வேறு மாதிரி ஆனது அன்றுதான்.

கணக்கு இது: ஓர் எண்ணோடு 7 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதே எண்ணில் 5 குறைத்தது கிடைக்கிறது. அந்த எண் என்ன? இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதைக் காரணிப்படுத்தினால் 9, 2 என்று இரண்டு விடைகள். எங்கள் பள்ளியில் என்றால் அதோடு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். ஆசிரியை இரண்டையும் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். 9 என்றால் 16இன் வர்க்கமூலம் 4, அந்தப் பக்கம் 9இல் 5 போனால் 4. பொருந்துகிறது. 2 என்றால் 9இன் வர்க்கமூலம் 3, ஆனால் 2இல் 5 போனால் கழித்தல் 3. பொருந்தவில்லை.

"ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் போட்டோம், பிறகு இந்த 2 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் நின்றார். பதில் சொன்னது பஸ் ஓட்டுநர். 3ஐ வர்க்கப்படுத்தினாலும் கழித்தல் 3ஐ வர்க்கப்படுத்தினாலும் 9தான். வர்க்கப்படுத்திய அந்த வரியில் இரண்டுக்கும் இருந்த வேறுபாடு அழிந்துவிட்டது, அந்த வழியாகத்தான் பொய்யான விடை உள்ளே வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. விடை சரியா தப்பா என்று சொல்ல விடைத்தாளோ வாத்தியாரோ தேவையில்லை, எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கே சொல்லிவிடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம். பத்தாம் வகுப்பில் அதை மந்திரம் போல ஒப்பித்திருக்கிறேன், இன்றும் தூக்கத்தில் எழுப்பினால் சொல்வேன். இங்கே சூத்திரத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி போட்ட கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணைப் போலப் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. எண் என்ன? அந்த எண்ணைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம் வரைந்து, பத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலத்தில் ஒரு பட்டையை வலது பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டுங்கள். இதுவரை வரைந்த பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து ஓர் இடம் காலியாக நிற்கும். அந்த 25ஐ நிரப்பினால் மொத்தம் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஒட்டிய ஐந்தைக் கழித்தால் எண் 3. படமாக வரைந்ததால் எதிர்ம விடையான கழித்தல் 13ஐ அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நீளம் கழித்தலில் இருக்க முடியாதே. பத்துக்கும் 39க்கும் பதிலாக எழுத்துகளைப் போட்டு அதே மூலையை நிரப்பிக்கொண்டே போனால், நான் ஒப்பித்த சூத்திரம் கடைசி வரியில் வந்து நிற்கிறது. அன்று வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் ஒரு தாளில் முழுவதும் போட்டுப் பார்த்தேன். வந்தது.

என் கணவர் இன்ஜினியர். எந்தக் கணக்கைக் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். அவர் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதனால் "விடை மட்டும் சரியான்னு சொல்லுங்க, போட்டுக் காட்டாதீங்க" என்று சொல்லி வைத்தேன். நடுவில் வரும் மிட்டர்ம் பரீட்சைக்குப் பிறகு அந்த உதவியும் தேவைப்படவில்லை.

உண்மையான உதவி ட்யூட்டரிங் சென்டரில் இருந்தது. கட்டணம் கிடையாது, முன்பதிவும் வேண்டாம். அங்கே உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யலாம், முட்டிக்கொள்ளும்போது கையைத் தூக்கினால் ஒருவர் வருவார். வந்தவர் பென்சிலை நம் கையிலிருந்து வாங்கவே மாட்டார். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். பாதி நேரம் அதற்குப் பதில் சொல்லும்போதே சிக்கல் அவிழ்ந்துவிடும். ஆசிரியையின் ஆபீஸ் அவர்ஸிலும் அப்படித்தான். ஆசிரியர் அறைக்குப் போவது என்றாலே திட்டு வாங்கத்தான் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த நேரம் நமக்காகவே ஒதுக்கப்பட்டது, யாரும் வராவிட்டால்தான் அவர்களுக்கு வருத்தம்.

பரீட்சையில் விடைக்குக் கொஞ்சம் மார்க்தான், வழிமுறைக்கே மீதி. கடைசிப் பகுதியில் வந்த மடக்கையை நர்சிங் நினைப்பவர்கள் ஒதுக்கிவிடாதீர்கள். உடம்பில் மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் என்ற கணக்கும், பிஹெச் அளவு ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுவதும் அங்கேதான் இருக்கின்றன.

எங்கள் காலேஜில் அடுத்த வகுப்புக்குப் போக நான்குக்கு 2.0 மார்க் போதும். நர்சிங் சேர்க்கையில் அறிவியல் பாடங்களின் மார்க்கையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மார்க்கையும்தான் பார்க்கிறார்கள், அல்ஜீப்ரா மார்க்கைப் பார்ப்பதில்லை. எனக்கு 3.7 வந்தது. செப்டம்பர் கடைசியில் தொடங்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டேன். பஸ் ஓட்டுநரும் அதே வகுப்பில் இருக்கிறார்.