இரண்டடிச் சட்டத்துக்குள் மூன்று கடல்

நான் நீச்சல் பழகியது காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஊருணியில். பவளத்தை முதன்முதலில் பார்த்தது மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில். மீனவர்கள் அதைப் ‘பார்’ என்பார்கள். கலங்கல் தண்ணீர், உருண்டை உருண்டையான பவளம். அன்று குறிப்பேட்டில் எழுதியது ‘அழகு, நிறைய மீன்’, அவ்வளவுதான். பிறகு அந்தமானில் முங்கியபோது அந்தக் குறிப்பை வைத்து எதையும் ஒப்பிட முடியவில்லை. மனசு கேட்கவில்லை.

ஊருக்கு வந்து அரை அங்குல பிவிசி குழாயில் இரண்டடிக்கு இரண்டடி சதுரச் சட்டம் ஒன்று செய்தேன். முதல் தடவை மிதந்து மேலே போய்விட்டது, உள்ளே காற்று. நான்கு பக்கமும் துளை போட்டபின் தண்ணீர் புகுந்து அமைதியாக இறங்கியது. பவளத்தின் மேல் வைப்பதில்லை. ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு, உள்ளே தெரிவதை மட்டும் எண்ணுவேன்.

அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ஒரே சட்டத்துக்குள் கிளைப் பவளம், தட்டுப் பவளம், காளான் பவளம். ஓரத்தில் பூப்போல விரியும் விலங்கான கடல் சாமந்தி ஒன்று, அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள்.

அப்புறம் கரீபியனில் பொனேர் தீவு. அங்கே 1979 முதல் கடல் பூங்கா இருப்பதால் சட்டத்தை அறையிலேயே வைத்துவிட்டு, கண்ணாலேயே சதுரம் போட்டுக்கொண்டேன். அந்தச் சதுரத்தில் கல்பவளம் கொஞ்சம்தான். ஊதா நிறக் கடல் விசிறி அலைக்குத் தக்கபடி ஆடுகிறது, பக்கத்தில் குழல் குழலாகக் கடற்பஞ்சு. கடல் சாமந்தி கண்ணில் பட்டதும் பழக்கத்தில் கோமாளி மீனைத் தேடினேன். இல்லை. அட்லாண்டிக்கில் எங்குமே கிடையாது. குனிந்து பார்த்தால், கண்ணாடி போன்ற உடலில் ஊதாப் புள்ளி வைத்த விரல்நுனி அளவு இறால் ஒன்று, மீசையை ஆட்டி, ‘வாங்க, சுத்தம் செய்துவிடுகிறேன்’ என்பதுபோல் மீன்களை அழைத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலம் எழும்பி அட்லாண்டிக், பசிபிக் இரண்டு கடலையும் பிரித்துவிட்டது. அதன்பின் கரீபியன் பக்கம் பல பவள இனங்கள் அழிந்தன. பசிபிக், இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து போய்ச் சேர வழியும் இல்லை.

“அம்புட்டுத் தூரம் போனியே, நம்ம கடல்ல இல்லாதது என்னப்பா இருந்துச்சு?” என்று அப்பத்தா கேட்டார். அந்த ஊதா விசிறியையும் இறாலையும் சொன்னேன். ஆனால் கல்பவளம் என்று பார்த்தால் கரீபியன் முழுவதும் சேர்த்தே சுமார் 70 வகைதான். மண்டபத்துக்குத் தெற்கே நம் மன்னார் வளைகுடாவில் மட்டும் 100க்கு மேல் இருக்கிறது. கலங்கல் என்று நம் கடலைக் குறைவாக நினைத்தது என் தப்பு.

2016இல் கடல் சூடேறி மண்டபம் பக்கமும் பவளம் வெளிறியது. மிச்சம் என்ன, புதிதாக முளைத்தது என்ன என்று தெரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் தெளிந்ததும் மண்டபம் போகிறேன், முதல் குறிப்பு எழுதிய அதே இடத்துக்கு, சட்டத்தோடு.